புகையும் மூச்சும்

உணவின்றிப் பல நாள் உயிர் தாங்கினோர் உளர். நீரின்றியும் சில நாள் கழித்தல் கூடும். மூச்சின்றிச் சில நிமிடங்களைக் கழித்தலும் மானிடர்க்கு அரிது. வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் உள்வாங்கி வெளிவிடும் காற்று ஏறக்குறைய 10,000 லீற்றர் ஆகும். இத்துணைக் காற்றும் யாதொரு முயற்சியும் தோன்றாவண்ணம் வந்து செல்வதாலேயே நாம் அதனை நினைப்பதில்லை. நினைக்க நேர்வது அது தடைப்படும் போதேயாம்.

அங்ஙனம் தடைப்படும் நோய்களுள் நம் நாட்டார் நன்கறிந்தது ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்து வழக்கில் அதனைத் தொய்வு என்றும், முட்டு என்றும், இழுப்பு என்றும் கூறுவர். சித்த வைத்தியர் சுவாசகாசம், இரைப்பு, ஈளை என்னும் பெயர்களால் வழங்குவர். மேனாட்டு மருத்துவர் வழங்கும் ஆஸ்துமா என்னும் சொல், மூச்சு இரைத்தல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாகும். 2019 ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 26 கோடியே 20 இலட்சம் மக்கள் இந்நோயினால் வருந்தினர் என்பதும், அவ்வாண்டில் 4,55,000 பேர் இதனால் மாண்டனர் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடுகளாம்.

யான் விஞ்ஞானம் கற்பிப்பவனல்லேன். மொழியும் வரலாறும் கற்பிப்பவன். ஆயினும் இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றைக் கூறாது மேற்செல்லல் இயலாது. சில காலத்துக்கு முன் மாணவன் ஒருவனுடைய புத்தகப் பையிலிருந்து எழுதுகோல் போன்ற கருவி ஒன்று கீழே விழுந்தது. மாம்பழ வாசனை வீசிற்று. அவன் சிறு வயது முதல் முட்டு நோயால் வருந்துபவன்; சட்டைப் பையில் எப்போதும் மருந்துப் பம்பு வைத்திருப்பவன். அவனை வினவியபோது, "சேர், இது புகை இல்லை, வெறும் ஆவிதான். ஒன்றும் செய்யாது" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. தான் நம்பியதையே சொன்னான். அவனுக்கு உடனே தக்க மறுமொழி கூற என்னால் இயலவில்லை. கண்டித்தல் எளிது, காரணங் காட்டல் அரிது. அன்று கூறாத மறுமொழியைப் பின்னர் நூல்களாலும் வைத்தியர் வாயிலாகவும் அறிந்து ஈண்டு எழுதுகின்றேன்.

காற்றுச் செல்லும் வழி

மூக்கின் வழியாகவோ வாயின் வழியாகவோ புகுங் காற்று குரல்வளையைக் கடந்து வாதனாளியை அடைகின்றது. அஃது இரண்டாகப் பிரிந்து இரு நுரையீரல்களுட் செல்கின்றது. அங்கே ஒவ்வொரு கிளையும் மீண்டும் மீண்டும் இவ்விரண்டாகப் பிரிகின்றது. தலைகீழாக நட்ட ஆலமரம் ஒன்றை மனத்திற் கொண்டால் இதன் அமைப்பு விளங்கும். இவ்வாறு ஏறக்குறைய 23 முறை பிரிந்த பின்னரே காற்று, குருதியோடு வாயுக்களை மாற்றிக் கொள்ளும் சிற்றறைகளை அடைகின்றது. வாதனாளியின் விட்டம் ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர். அடியிலுள்ள நுண்குழாய்களின் விட்டமோ ஒரு மில்லிமீற்றரிலுங் குறைவு.

இக்குழாய்களின் அமைப்பில் மூன்று பகுதிகள் நம் கவனத்துக்குரியன. முதலாவது, உட்புறத்தை மூடியுள்ள மென்றோலும் அதன் மேலுள்ள பிசிர்களும். பிசிர் என்பன கண்ணுக்குத் தெரியாத மயிர் போன்ற உறுப்புக்கள். அவை ஒரு செக்கனில் பத்து முறைக்கு மேல் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சீதப் படலத்தை மேனோக்கித் தள்ளுகின்றன. வீட்டு முற்றத்தைக் கூட்டுவார் போல இரவும் பகலும் ஓயாது அவை தொழில் செய்வதாலேயே நம் நுரையீரல் தூய்மையாக உளது. இரண்டாவது, குழாயைச் சுற்றி வளைந்துள்ள மழமழப்பான தசை. அது சுருங்கினாற் குழாய் ஒடுங்கும், தளர்ந்தால் விரியும். மூன்றாவது, அத்தசையையும் சீதச் சுரப்பிகளையும் ஆளும் நரம்புகள். கேடான பொருள் ஒன்று உள்ளே புகின், இந்நரம்புகளே முதலில் உணர்ந்து இருமலை எழுப்புகின்றன. இருமல் ஒரு நோயன்று; வாயிலிற் காவல் நிற்கும் காவலாளனாகும். இக்காவலாளனைப் பின்னரும் நாம் சந்திப்போம்.

தொய்வு என்பது யாது?

தொய்வு நோய் உடையாரின் சுவாசக் குழாய்களில் நெடுநாளைய அழற்சி ஒன்று குடிகொண்டிருக்கும். வெளிக்கு நலமாய்த் தோன்றும் நாட்களிலும் அது முற்றாக நீங்குவதில்லை. இதனால் அக்குழாய்கள் சிறு தூண்டுதலுக்கும் பெரிதும் கூசும் இயல்பினை அடைகின்றன. தூசி, குளிர், மகரந்தம், தடிமன், புகை ஆகியவற்றுள் ஒன்று தாக்கியதும் மூன்று செயல்கள் ஒருங்கே நிகழ்கின்றன: தசை இறுகுகின்றது, உட்டோல் வீங்குகின்றது, சீதம் மிகுதியாகச் சுரந்து வழியை அடைக்கின்றது.

குழாய் சிறிது ஒடுங்கினால் என்ன என்று கருதுவார்க்குக் கணித ஆசிரியர் ஒருவர் எனக்குக் காட்டிய கணக்கை இங்குத் தருவேன். குழாய் ஒன்றினூடு ஒழுங்காகச் செல்லும் பாய்பொருளுக்கு ஏற்படும் தடை, குழாயின் ஆரையின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறு விகிதமாக மாறும். ஆகவே ஆரை பாதியாகக் குறைந்தால் தடை இரு மடங்கன்று, நான்கு மடங்குமன்று, பதினாறு மடங்காகின்றது. முட்டு வந்த பிள்ளை கட்டிலிற் குந்தியிருந்து, தோள்களை உயர்த்தி, விலா எலும்புகள் உட்குழிய மூச்சிழுப்பதன் காரணம் இதுவேயாம்.

நிக்கொற்றீன் என்னும் பொருள்

புகையிலை அமெரிக்கக் கண்டத்துக்குரிய செடி. போர்த்துக்கல் நாட்டில் பிரெஞ்சுத் தூதராய் இருந்த ஜோன் நிக்கோ என்பார் 1560 ஆம் ஆண்டளவில் அதனைப் பிரான்சு அரசவைக்கு அனுப்பி, பல நோய்க்கு மருந்தெனப் புகழ்ந்தார். அவர் பெயரே அச்செடியின் தாவரவியற் பெயராகி, அதன்கணுள்ள பொருளுக்கும் ஆயிற்று. 1828 இல் ஹைடெல்பேர்க் நகரிற் பொசெல்ற், றைமான் என்னும் இருவர் அப்பொருளைப் புகையிலையினின்று தனியாகப் பிரித்தெடுத்தனர்.

செடி இதனை உண்டாக்குவது மானிடர் இன்புறுதற்கன்று. தன் இலையைத் தின்ன வரும் பூச்சிகளைக் கொல்லுதற்கேயாம். நம் தோட்டக்காரர் புகையிலையை ஊறவைத்த நீரைப் பூச்சிகளுக்குத் தெளித்தது இவ்வுண்மையை அனுபவத்தால் அறிந்தமையாலாகும். பனியில் நனைந்த இலையை முறிப்போர்க்கு நிக்கொற்றீன் தோலின் வழியே ஊறித் தலைச்சுற்றும் வாந்தியும் உண்டாதலும் மருத்துவர் அறிந்ததே.

உடலில் இஃது எவ்வாறு தொழில் செய்கின்றது? நரம்பின் முனையிலிருந்து செய்தி கொண்டு செல்லும் தூதுவன் ஒருவன் உளன். அவன் பெயர் அசற்றைல்கோலின். அவனை ஏற்பதற்கென்று கலங்களின் மேல் வாங்கிகள் என்னும் வாயில்கள் அமைந்துள்ளன. நிக்கொற்றீன் வடிவால் அத்தூதுவனைப் போன்று நடித்து, அவனுக்குரிய வாயில்களுள் ஒரு வகையைத் திறந்து விடுகின்றது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து லாங்லி என்னும் அறிஞர் 1905 இல் உடற்கலங்களிற் பொருள்களை ஏற்கும் ஒரு கூறு உண்டு என்னும் கருத்தை நிறுவியது நிக்கொற்றீனைக் கருவியாகக் கொண்ட பரிசோதனைகளாலேயாகும். அவ்வாயில்கள் இன்றும் நிக்கொற்றீன் வாங்கிகள் என்றே பெயர் பெறுகின்றன.

இவ்வாங்கிகள் மூளையில் மட்டும் உள்ளன என்று கருதுதல் தவறு. சுவாசக் குழாயின் சுவரிலுள்ள நரம்பு முடிச்சுக்களிலும், உட்டோற் கலங்களிலும், அழற்சியோடு தொடர்புடைய கலங்களிலும் அவை உள்ளன. எனவே மூச்சோடு வரும் நிக்கொற்றீன் மூளைக்குச் செல்லும் வழியிலேயே குழாய்களிலும் தன் வினையை ஆற்றுகின்றது. நுண்ணிய உணர்நரம்புகளை அஃது எரியச் செய்து இருமலையும் குழாயின் ஒடுக்கத்தையும் தூண்டுகின்றது. சிகரெட்டுப் புகை தொண்டையிற் காறுவதற்கு நிக்கொற்றீனே முதன்மைக் காரணம் என்பது மனிதரிடம் செய்த பரிசோதனைகளால் 1993 இல் வெளியாயிற்று.

ஈண்டு ஓர் ஐயம் எழும். "புகைத்தவுடன் மூச்சு இலேசாகின்றதே" என்று சிலர் கூறுவர். இக்கூற்றை முற்றாகத் தள்ளவேண்டியதில்லை. நிக்கொற்றீன் அதிரினலீன் என்னும் சுரப்பையும் வெளிப்படுத்தும். அது குழாயைச் சிறிது விரிக்கவல்லது. மேலும், நிக்கொற்றீனுக்குப் பழகிய உடல் அது குறைந்தபோது அமைதி இழக்கும். மீண்டும் கிடைத்தபோது அமைதி பெறும். அவ்வமைதியை நோய் தணிந்ததாக மயங்குதல் இயல்பு. கடன்பட்டவன் மேலும் கடன் வாங்கி வட்டி கட்டிய அன்று நிம்மதியாய் உறங்குவதை இஃது ஒக்கும்.

ஊமத்தையும் புகையிலையும்

வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் ஒரு கிளைக்கதையைக் கூற விரும்புகின்றேன். புகைத்தல் ஒரு காலத்தில் தொய்வு நோய்க்கே மருந்தாயிருந்தது. சென்னையில் ஊமத்தை வேரைப் புகைத்து இரைப்பைத் தணிக்கும் வழக்கத்தை ஆங்கிலர் கண்டனர். ஜென்ற் என்னும் படைத்தலைவர் 1802 ஆம் ஆண்டளவில் அதனை எடின்பரோ நகரத்து மருத்துவருக்கு அறிவித்தார். அங்கிருந்து அவ்வழக்கம் ஐரோப்பாவெங்கும் பரவி, ஆஸ்துமாச் சிகரெட்டு என்னும் பெயரோடு இருபதாம் நூற்றாண்டிலும் மருந்துக் கடைகளில் விற்கப்பட்டது.

இதில் வியப்பு யாதெனின், அதே அசற்றைல்கோலின் என்னும் தூதுவனுக்கு வேறு வகையான வாயில்களும் உள. தசையின் மேலுள்ள அவ்வாயில்களை ஊமத்தையிலுள்ள அத்திரோப்பீன் அடைத்து விடுகின்றது. அதனால் தசை தளர்கின்றது. புகையிலை திறக்கும், ஊமத்தை அடைக்கும். ஆயினும் ஊமத்தை நஞ்சாதலின் அதன் அளவு சிறிது மிகினும் மயக்கமும் சாவும் நேரும். அதன் புகையும் குழாய்க்குக் கேடே. ஆகவே பிற்கால மருத்துவர் புகையை விடுத்து, அத்திரோப்பீனின் வழிவந்த இப்பிராத்திரோப்பியம் போன்ற பொருள்களைத் தூய மருந்தாக்கிப் பம்புகளில் அடைத்தனர். வீட்டில் எவரும் ஊமத்தையைக் கையாளற்க.

சுருட்டும் சிகரெட்டும்

யாழ்ப்பாணத்தார்க்குப் புகையிலை புதியதன்று. நம் செம்பாட்டு மண்ணில் விளைந்த புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிச் சென்ற காலமும் உண்டு. சுருட்டுக் கொட்டில்கள் பல குடும்பங்களுக்குச் சோறிட்டன. என் தந்தையாரும் மாலை வேளையில் திண்ணையிலிருந்து சுருட்டுப் புகைப்பார். அதனை வாயில் வைத்திருந்து ஊதிவிடுவாரேயன்றி, நெஞ்சுக்குள் இழுத்ததை யான் கண்டிலேன். இதன் காரணத்தை அண்மையிலேயே அறிந்தேன்.

பொதுவாகச் சுருட்டின் புகை காரத்தன்மை உடையது. காரத்தன்மையுள்ள புகையில் நிக்கொற்றீன் தனித்த நிலையில் நிற்பதால், வாயின் மென்றோலினூடாகவே குருதியிற் சேர்ந்துவிடும். தொண்டையிற் கடுமையாகக் காறுமாதலின் உள்ளே இழுத்தலும் எளிதன்று. சிகரெட்டுக்குரிய புகையிலையோ வேறு முறையிற் பதப்படுத்தப்படுவது. அதன் புகை சிறிது அமிலத்தன்மை உடையது. அப்புகையில் நிக்கொற்றீன் உப்பாக நிற்றலின் தொண்டையிற் காறல் குறைவு. ஆனால் வாயில் நன்கு ஊறுவதில்லை. அதனாற் பயன்பெற வேண்டின் நெஞ்சின் ஆழத்துக்கு இழுத்தேயாக வேண்டும். அங்ஙனம் இழுத்த நிக்கொற்றீன் 10 முதல் 20 செக்கனுள் மூளையை அடைந்து விடுகின்றது. விரைவிற் கிடைக்கும் இன்பமே விரைவில் அடிமைப்படுத்துவதாம்.

1881 இல் ஜேம்ஸ் பொன்சாக் என்னும் அமெரிக்க இளைஞர் சிகரெட்டுச் சுற்றும் பொறிக்கு உரிமை பெற்றார். கையாற் சுற்றியது போய், ஒரு பொறி நாளொன்றுக்கு இலட்சத்துக்கு மேற்பட்ட சிகரெட்டுக்களைச் சுற்றலாயிற்று. காவலாளனை எழுப்பாது வாயிலைக் கடக்கும் புகை இவ்வாறு உலகெங்கும் மலிவாயிற்று. பச்சைக் கற்பூரம் போற் குளிரும் மெந்தோல் சேர்த்த சிகரெட்டோ அக்காவலாளனைத் தாலாட்டி உறங்கச் செய்வது. சுருட்டு நன்மையானது என்று இதனால் யாரும் கொள்ளற்க. வாய்ப்புற்று அதன் வழியாகவும் வரும். அதன் புகை திண்ணையில் விளையாடும் பிள்ளையின் நெஞ்சுக்குட் செல்லும். முட்டினால் வருந்திய பிள்ளையாக அத்திண்ணையில் இருந்தவன் யானேயாதலின் இதனை உறுதியாகக் கூறுவேன்.

புகை செய்யும் கேடு

புகையிலைப் புகையில் 7,000 க்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் உள. அவற்றுள் ஏறக்குறைய 70 புற்றுநோயை உண்டாக்குவன. காபனோரொட்சைட்டு குருதி ஒட்சிசனைச் சுமப்பதைக் குறைக்கின்றது. அக்குரோலீன், போமலிடிகைட்டு, ஐதரசன் சயனைட்டு என்பன பிசிர்களைத் தளரச் செய்து பின் அழிக்கின்றன. கூட்டுவார் இல்லாத முற்றம் போலச் சீதம் தேங்குகின்றது. நெடுநாட் புகைப்பார் காலைதோறும் இருமிச் சளி துப்புவதன் காரணம், பிசிர்கள் செய்யவேண்டிய வேலையை இருமல் செய்ய நேர்ந்தமையேயாம்.

தொய்வுடையார் புகைப்பாராயின் நேரும் இன்னொரு கேடு பலரும் அறியாதது. தொய்வுக்குரிய முதன்மை மருந்து, பம்பின் மூலம் இழுக்கும் ஸ்ரெரோயிட்டு ஆகும். தசையைத் தளர்த்தும் மருந்து அன்றைய துன்பத்தைத் தணிக்கும். ஸ்ரெரோயிட்டோ அடியிலுள்ள அழற்சியைத் தணிக்கும். கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் 2002 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இலேசான தொய்வுடையோர் சிலருக்கு இம்மருந்தை மூன்று வாரம் கொடுத்து நோக்கினர். புகையாதோரின் மூச்சு விசை உயர்ந்தது. புகைப்போரிடம் குறிப்பிடத்தக்க நன்மை காணப்படவில்லை. அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை அடக்குதற்கு இம்மருந்துக்கு ஒரு நொதியம் துணை நிற்கின்றது. புகையிலுள்ள ஒட்சியேற்றும் பொருள்கள் அந்நொதியத்தின் வலியைக் குறைத்து விடுகின்றன என்பது இதற்கு அறிஞர் கூறும் காரணங்களுள் ஒன்று.

மற்றொரு மருந்தின் கதையும் இத்தகையது. தியோபிலீன் என்பது 1888 இல் தேயிலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருள். தொய்வுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வருவது. புகையிலுள்ள தார்ப் பொருள்கள் ஈரலின் நொதியங்களைத் தூண்டி, இம்மருந்து உடலினின்று விரைவிற் கழியுமாறு செய்கின்றன. எனவே புகைப்போனுக்கு மருந்து போதாது போகின்றது. அவன் புகைத்தலைத் திடீரென நிறுத்தினாலோ, பழைய அளவே மிகையாகிவிடுதல் கூடும். இவ்விரு காரணங்களாலும் தம் பழக்கத்தை வைத்தியரிடம் ஒளித்தல் நோயாளர்க்குப் பெருந் தீங்காகும்.

ஆவி என்னும் மயக்கம்

இனி அம்மாணவனின் கூற்றுக்கு வருவோம். மின்சிகரெட்டு என்பதனை 2003 ஆம் ஆண்டளவில் உருவாக்கியவர் ஹொன் லிக் என்னும் சீன மருந்தியலாளர். அவர் தாமும் புகைப்பவராய் இருந்து, அதனை விட வழி தேடியவர். அவர் தந்தையார் நுரையீரற் புற்றுநோயால் இறந்தவர். நோக்கம் பழிக்கத்தக்கதன்று. கருவியில் மின்கலம் ஒன்றும், சூடேறும் கம்பிச் சுருள் ஒன்றும், திரவம் ஒன்றும் உள. திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கோல், கிளிசரீன், வாசனைப் பொருள்கள் ஆகியவற்றோடு பெரும்பாலும் நிக்கொற்றீனும் இருக்கும்.

கம்பி சூடேறியதும் வெளிப்படுவது கேத்திலிலிருந்து எழும் நீராவி போன்றதன்று. அது மேற்கூறிய பொருள்களின் நுண்டுளிகள் மிதக்கும் மூட்டமாகும். இத்துளிகள் குழாய்களின் ஆழத்துக்குச் செல்லத்தக்க அளவு சிறியன. சூடு மிகும்போது கிளைக்கோலும் கிளிசரீனும் சிதைந்து போமலிடிகைட்டையும் அக்குரோலீனையும் தருகின்றன. அளவு சிகரெட்டிற் குறைவாயிருத்தல் கூடும், பொருள்கள் அவையே. உண்பதற்கு ஏற்றதென்று கொள்ளப்பட்ட வாசனைப் பொருள் மூச்சோடு இழுப்பதற்கும் ஏற்றதாகாது. வெண்ணெய் மணந்தரும் டயசற்றைல் என்னும் பொருளின் ஆவியை நாள்தோறும் மூச்சிழுத்த அமெரிக்கச் சோளப்பொரித் தொழிற்சாலைத் தொழிலாளர் சிலருக்கு நுண்குழாய்கள் மீட்க முடியாதவாறு தழும்பேறி அடைபட்டமை 2000 ஆம் ஆண்டில் மிசூரி மாநிலத்தில் வெளிப்பட்டது. அப்பொருள் சில மின்சிகரெட்டுத் திரவங்களிலும் பின்னர்க் காணப்பட்டது.

நிக்கொற்றீனைப் பொறுத்தவரை, முதலில் வந்த கருவிகளில் அது காரநிலையில் இருந்தமையால் தொண்டையிற் காறிற்று. எவரும் மிகுதியாக இழுக்க இயலவில்லை. 2015 முதல் விற்பனைக்கு வந்த புதிய வகைகளில் பென்சோயிக் அமிலம் சேர்க்கப்பட்டு நிக்கொற்றீன் உப்பாக மாற்றப்பட்டது. சுருட்டிலிருந்து சிகரெட்டுக்கு நிகழ்ந்த மாற்றமே ஈண்டும் நிகழ்ந்தது காண்க. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி ஒரு மில்லிலீற்றரில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கொற்றீன் கூடாதென்கின்றது. பிற இடங்களில் 50 மில்லிகிராமுக்கு மேற்பட்டனவும் விற்கப்பட்டன. இத்துணை வலிய பொருள் மாம்பழ மணத்தோடு, இருமலையும் எழுப்பாது, பதினான்கு வயதுப் பிள்ளையின் நெஞ்சுக்குட் செல்கின்றது. காவலாளன் உறங்க, வாயில் திறந்து கிடக்கின்றது.

2019 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர், நிக்கொற்றீனுள்ள ஆவியை மானிடக் குழாய்க் கலங்களின் மேலும் செம்மறியாடுகளிலும் செலுத்தி நோக்கினர். சீதம் தடித்தது, அதனை மேலே தள்ளும் வேகம் குறைந்தது. புகை இல்லாத நிக்கொற்றீனே இக்கேட்டைச் செய்தது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளற்பாலது. கலிபோர்னியா, ஹவாய், தென்கொரியா ஆகிய இடங்களில் பாடசாலை மாணவரிடையே நடந்த ஆய்வுகளில், மின்சிகரெட்டுப் பாவிப்போரிடம் நெடுநாட் சளியிருமலோ தொய்வோ மற்றையோரிலும் மிகுதியாகக் காணப்பட்டது. இத்தகைய ஆய்வுகள் தொடர்பைக் காட்டுமேயன்றி, காரணத்தைத் தாமாக நிலைநாட்டா. ஆயினும் ஆய்வுக்கூடத்திற் கண்டதும் வகுப்பறையிற் கண்டதும் ஒரே திசையைச் சுட்டும்போது அறிவுடையோர் அதனைப் புறக்கணியார்.

2019 இல் அமெரிக்காவில் திடீரென எழுந்த நுரையீரற் சேதத்தையும் குறிப்பிடல் வேண்டும். 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் வைத்தியசாலை சேர்ந்தனர் அல்லது இறந்தனர். அவருள் இறந்தோர் 68 பேர். அதன் முதன்மைக் காரணம் நிக்கொற்றீனன்று. கஞ்சாச் சாரத் திரவங்களிற் கலந்த விற்றமின் ஈ அசற்றேற்று ஆகும். உண்மையை மறைத்து அச்சமூட்டுதல் நம் நோக்கமன்று. எனினும், உள்ளே யாது கலந்துள்ளது என்று அறியாது வாங்கி நெஞ்சுக்குள் இழுத்தலின் விளைவு இதனால் விளங்கும். நம் நாட்டில் 2016 இல் வெளியான ஒழுங்குவிதிகள் மின்சிகரெட்டின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் தடைசெய்தன. ஆகையால் மறைவாக வரும் கருவிகளுக்குத் தரம் பார்ப்பாரும் இலர்.

சிகரெட்டிலும் மின்சிகரெட்டு தீங்கு குறைந்தது என்று கூறும் அறிஞர் உளர். முப்பது ஆண்டு புகைத்து விடமுடியாது தவிக்கும் ஒருவனுக்கு அக்கூற்றுப் பொருந்துதல் கூடும். தீங்கு குறைவு என்பது தீங்கு இன்மையன்று. ஒருபோதும் புகையாத மாணவனுக்கு ஒப்பிடவேண்டியது சிகரெட்டன்று, தூய காற்றேயாம்.

புகையாதார் படும் துன்பம்

இதுவரை கூறியது தானே தேடிக்கொண்ட துன்பம். தேடாமலே வருவதும் உண்டு. கருவுற்ற தாய் புகைப்பினும், பிறர் புகையை அவள் இழுப்பினும் நிக்கொற்றீன் குழவியை அடையும். வளருங் கருவின் நுரையீரலிலும் நிக்கொற்றீன் வாங்கிகள் உள. அவை காலமல்லாக் காலத்தில் தூண்டப்படுவதாற் குழாய்களின் வளர்ச்சி திரிபுறுகின்றது. அத்தகைய குழந்தைகள் பிறக்கும்போதே மூச்சு வலி குன்றிப் பிறக்கின்றன. பின்னர் இழுப்புக்கு எளிதில் ஆளாகின்றன. தென் கலிபோர்னியாவில் நடந்து 2005 இல் வெளியான ஆய்வொன்று, பாட்டி தன் மகளைக் கருவுற்றிருந்த காலத்திற் புகைத்திருப்பின், அம்மகளின் பிள்ளைகளுக்குங் கூடத் தொய்வு மிகுதியாகக் காணப்பட்டமையைக் காட்டிற்று.

நம் நாட்டுப் பெண்கள் பெரும்பாலும் புகைப்பதில்லை. ஆனால் அவர்தம் கணவரும், தந்தையரும், உடன்பிறந்தாரும் புகைக்கின்றனர். ஸ்கொத்லாந்தில் 2006 மார்ச்சு மாதம் பொது இடங்களிற் புகைத்தல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் தொய்வினால் வைத்தியசாலை சேரும் பிள்ளைகளின் தொகை ஆண்டுதோறும் ஏறக்குறைய 5 வீதம் உயர்ந்து வந்தது. தடையின் பின் ஆண்டுதோறும் ஏறக்குறைய 18 வீதம் குறைந்தது. அப்பிள்ளைகளுக்குப் புதிய மருந்து ஒன்றும் கொடுக்கப்படவில்லை. பெரியோர் சில இடங்களிற் புகைப்பதை நிறுத்தினர், அவ்வளவே.

செய்யற்பாலன

விடமுடியாதென்று மனந்தளர்தல் வேண்டா. கிளாஸ்கோ மருத்துவர் 2006 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், தொய்வுடைய புகைப்போருட் சிலர் அப்பழக்கத்தை விட்டனர். ஆறு வாரத்தின் பின், விடாதவரோடு ஒப்பிட, அவர் ஒரு செக்கனில் ஊதிய காற்று ஏறக்குறைய 400 மில்லிலீற்றர் கூடுதலாக இருந்தது. ஆராயப்பட்டோர் சிலரே, எனினும் எந்தப் பம்பும் அவர்க்குத் தராத நன்மை அது.

விடும்போது முதற் சில நாட்களில் எரிச்சலும் அமைதியின்மையும் தோன்றும். பின்னர்ப் படிப்படியாகக் குறையும். தேவையாயின் நிக்கொற்றீன் ஒட்டும் சவ்வும் மெல்லும் பசையும் உள. அதே பொருளை மருந்தாகக் கொடுப்பது முரண் அன்றோ எனின், அன்று. சவ்விலிருந்து அது தோலின் வழியே மெல்லென ஊறுகின்றது, குழாய்களைத் தொடுவதில்லை, புகையும் துளியும் அதனோடு வருவதில்லை. வைத்தியரை உசாவியே இவற்றைக் கைக்கொள்ளல் வேண்டும். தொய்வு மருந்தை எக்காரணத்தாலும் தாமாக நிறுத்துதல் ஆகாது.

ஆசிரியர்க்கு ஒன்று கூறுவேன். கருவியைப் பறித்தல் நம் கடமையின் தொடக்கமேயன்றி முடிவன்று. பிள்ளை பொய்யை நம்பியிருப்பின், அதனினும் தெளிவான மெய்யை அவனுக்குத் தருதல் வேண்டும். பெற்றோர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒன்று கூறுவேன். வீட்டு விறாந்தையும் வாகனமும் பிள்ளைகளின் மூச்சுக்குரிய இடங்கள் என்பதை மறவற்க.

அம்மாணவனை மீண்டும் அழைத்து, மேற்கூறியவற்றுள் அவனுக்கு விளங்கத்தக்கவற்றைக் கூறினேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்பு, "அப்ப இருமல் வராதது நல்லதுக்கில்லையா, சேர்?" என்று கேட்டான். அக்கேள்வியைக் கேட்கத் தெரிந்தவனுக்கு யான் மேலும் கூறவேண்டியது அதிகம் இருக்கவில்லை. மாணவர்களே, மணமும் மென்மையும் கண்டு ஒரு பொருளைத் தீங்கற்றதென்று துணியாதீர்கள். நாளொன்றுக்கு 10,000 லீற்றர் காற்று யாதொரு விலையுமின்றி உங்கள் வாயிலுக்கு வருகின்றது. அதனைத் தூய்மையாக உள்ளே விடுதல் ஒன்றே நாம் செய்யவேண்டுவது.